தள்ளிவைப்பு உதவியாளருக்கு ஒரு பதக்கம்

தன் தங்கை பிறந்திருக்கிறாளா என்ற சந்தேகம் ரிப்பேர்க்காரனுக்கு அதுவரை வந்ததே இல்லை. திங்கட்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு, பிறப்புப் பதிவகத்தின் மூன்றாம் எண் ஜன்னல் முன்னால் அவளோடு நின்றபோதுதான் முதன்முதலாக வந்தது.

ஜன்னலுக்குள் இருந்த அம்மாள் பெயர் கேட்டார், தேதி கேட்டார், தட்டினார், காத்திருந்தார், மறுபடி தட்டினார். பிறகு திரையை இவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். 'இந்தப் பதிவைப் படிக்க இயலவில்லை' என்று இருந்தது.

"ஆளு இங்கதான் நிக்கிறா" என்றான் ரிப்பேர்க்காரன்.

"நிக்கிறது வேற, பதிவு வேற" என்றார் ஜன்னல் அம்மாள். குரலில் கோபம் இல்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடமாவது சொல்லிச் சொல்லிப் பழகிய குரல் அது.

தங்கை நர்ஸ் படிப்பு முடித்தவள். வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. சனிக்கிழமை காலை அங்கே போய்ச் சான்றிதழ்களைக் காட்ட வேண்டும். அதில் பிறப்புச் சான்றிதழ் புதிய மாதிரியில், எண் போட்டு, பதிவகத்தின் கையெழுத்தோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். வீட்டில் கையால் எழுதிய பழைய சான்றிதழ் இருக்கத்தான் செய்தது. ஆனால் பதிவகம் கம்ப்யூட்டருக்கு மாறிய அன்றைக்கே கையால் எழுதியது எதுவும் செல்லாது என்று அறிவித்து, பழைய பேரேடுகளை லாரியில் ஏற்றிக் காகித ஆலைக்கு அனுப்பிவிட்டது. ஆகவே அந்த ஊரில் யார் பிறந்தார்கள், யார் பிறக்கவில்லை என்ற விவரம் முழுவதும் இப்போது ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது.

ரிப்பேர்க்காரனுக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதுதான் தொழில். பஸ் நிலையத்துக்குப் பின்னால் கடை. அந்த வாசகத்தைப் பார்த்ததுமே அவனுக்கு விஷயம் பிடிபட்டது. இப்படி எத்தனை பதிவு திறக்க மாட்டேன் என்கிறது என்று விசாரித்தான். முதலில் வாரத்துக்கு ஒன்று என்று இருந்தது, இப்போது தினமும் ஏழெட்டு என்றார் அம்மாள்.

"மெஷின் எதுவும் சொல்லலையா?"

"சொல்லுதே. தினமும் காலைல கேக்குது. அதுக்குன்னு ஒருத்தர் இருக்கார்" என்று கண்ணாடி அறையைக் காட்டினார்.

கண்ணாடி அறைக்குள் சர்வர் பெட்டிக்குப் பக்கத்தில், நன்றாகத் தேய்த்த சட்டை போட்ட ஒருவர் கைகட்டி உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரை. மேஜையில் ஒரு கீபோர்டு, ஒரு பேரேடு, ஒரு பேனா. வெளியே பலகையில் 'தள்ளிவைப்பு உதவியாளர்' என்று எழுதியிருந்தது.

அவருடைய வேலையை அவரே விளக்கினார். காலை பத்து மணிக்கு சர்வரைப் போட்டதும் திரையில் ஒரு செய்தி வரும்: டிஸ்க்கில் பிழைகள் இருக்கலாம், சோதிக்க வேண்டும், தள்ளிவைக்க ஏதேனும் ஒரு விசையை அழுத்தவும். பத்திலிருந்து பூஜ்யம் வரை எண்ணும். அது முடிவதற்குள் அழுத்திவிட வேண்டும். அழுத்தியதும் பேரேட்டில் தேதி போட்டு, 'இன்று தள்ளிவைக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகு மறுநாள் காலை பத்து மணி வரை தயார் நிலையில் இருக்க வேண்டும்.

"பதினொரு மாசம். ஒரு நாள் விட்டதில்லை" என்றார். "என் பொண்ணு கல்யாணத்தன்னிக்குக்கூட வந்து அழுத்திட்டுத்தான் போனேன்."

எந்த விசை என்று மெஷின் சொல்லாததால் ஒரு குழு போட்டார்களாம். நாலு மாதம் ஆராய்ந்து, இருப்பதிலேயே நீளமான விசையைத்தான் அழுத்த வேண்டும், அப்போதுதான் குறி தவறாது என்று முடிவு சொன்னார்களாம். அதுவரை அவர் தன் சொந்தப் பொறுப்பில் வேறு ஒரு விசையை அழுத்தியிருக்கிறார்.

ரிப்பேர்க்காரன் பொறுமையாக எடுத்துச் சொன்னான். எந்தப் பதிவு எந்த இடத்தில் இருக்கிறது என்று டிஸ்க்குக்குள் ஓர் அட்டவணை இருக்கும். அந்த அட்டவணை குழம்பிப் போயிருக்கிறது. அதை நம்பி தினமும் புதிதாக எழுதினால், காலி என்று நினைத்து ஏற்கெனவே இருக்கும் ஆள் மேலேயே எழுதும். சரிசெய்ய அரை நாள் போதும். முதலில் உள்ளதை எல்லாம் வேறு டிஸ்க்கில் ஒரு காப்பி எடுத்து வைக்க வேண்டும். அப்புறம் எல்லாரும் லாக்-அவுட் செய்து டிஸ்க்கை விட்டு வெளியே வர வேண்டும். அப்புறம் எதையும் தொடாமல் என்ன கோளாறு என்று பார்க்க மட்டும் வேண்டும். கடைசியில்தான் கை வைக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் உள்ளதும் போய்விடும். செய்து தருகிறேன், எனக்கு எதுவும் வேண்டாம், தங்கை சான்றிதழ் கிடைத்தால் போதும் என்றான்.

உதவியாளர் அவனை இரக்கத்தோடு பார்த்தார். "நாளைக்கு இயக்குநரைப் பாருங்க தம்பி" என்றார்.

இயக்குநர் அறையில் சுவர் நிறைய விருதுகள் மாட்டியிருந்தன. இயக்குநர் நல்ல மனிதர். வந்தவனை உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார், அவன் சொன்னதை முழுதாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு படிவத்தை நீட்டினார்.

படிவத்தின் ஏழாம் கட்டம், 'கண்டுபிடிக்கப்படவுள்ள பிழைகளின் எண்ணிக்கை'. எட்டாம் கட்டம், 'அவற்றுக்குப் பொறுப்பான அலுவலர்'. ரிப்பேர்க்காரன் ஏழில் 'தெரியாது' என்று எழுதினான். தெரியாத விஷயத்துக்கு எப்படி அனுமதி தருவது என்று திருப்பிக் கொடுத்தார். பூஜ்யம் போட்டான். பூஜ்யம் என்றால் எதற்குச் சோதனை என்றார். மூன்று என்று போட்டான். இயக்குநரின் முகம் மலர்ந்தது. மூன்று நல்ல எண், அளவாக இருக்கிறது என்றார். எட்டாம் கட்டத்தில் யார் பெயர் எழுதுவது என்று தெரியாமல் 'தூசி' என்று எழுதினான். இயக்குநர் கொஞ்ச நேரம் யோசித்தார். தூசி மேல்முறையீடு செய்யாது என்பதால் ஒப்புக்கொண்டார்.

"ஒண்ணு தெரிஞ்சுக்கணும் நீங்க" என்றார். "பிழைங்கிறது பாத்தாத்தான் வரும். போன வருஷம் நாங்க பாக்கலை. போன வருஷம் பிழை பூஜ்யம். அதுக்கு முந்தின வருஷம் ஒருத்தர் பாத்தார். நாப்பது வந்துச்சு. அவரை மாத்தின பிறகு ஒண்ணுகூட வரலை. எதுல கோளாறுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம்."

எதையும் தொடாமல் பார்க்க மட்டும் செய்வது என்ற பகுதி அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். "பாக்கிறது, ஆனா ஒண்ணும் செய்யறதில்லை. இதைத்தானே நான் முப்பது வருஷமா செய்யறேன். இதுக்கு ஒரு கம்ப்யூட்டர் முறையே இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லலையே."

ஆனால் காப்பி என்ற சொல்லைக் கேட்டதும் டீயைக் கீழே வைத்துவிட்டார். பதிவக விதி பதினாறு என்ன சொல்கிறது? ஒருவருக்கு ஒரு பிறப்புப் பதிவுக்கு மேல் இருத்தல் கூடாது. டிஸ்க்குக்குக் காப்பி எடுத்தால் ஊரில் உள்ள எல்லாரும் இரண்டாவது தடவை பிறந்ததாக ஆகிவிடும். இரட்டைப் பிறவி என்று எழுதுவதற்கும் வழியில்லை, அது வேறு படிவம். இதனால்தான் இத்தனை வருடமாக ஒரு காப்பிகூட இல்லை என்று அவர் பெருமையோடு சொன்னபோது ரிப்பேர்க்காரனும் தன் டீயைக் கீழே வைத்துவிட்டான்.

மாலை வரை பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். காப்பி எடுக்கலாம். ஆனால் அது பிறப்பு இல்லை என்று அதன் மேலேயே முத்திரை குத்திவிட வேண்டும்.

புதன்கிழமை முத்திரை அலுவலர் வந்தார். கட்டை குட்டையான உருவம், விறகு பிளப்பவரின் தோள். அவர் முத்திரை குத்தினால் கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள் என்று உதவியாளர் முன்னாலேயே எச்சரித்திருந்தார். ரிப்பேர்க்காரன் கடையிலிருந்து கொண்டுவந்த புது டிஸ்க்கில் காப்பி ஏறிக்கொண்டிருந்தது. முக்கால்வாசி முடிந்திருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கை லேசாகத் தட்டினாலே ஆபத்து, முடிகிற வரை பொறுங்கள் என்று இவன் சொல்வதற்குள், அலுவலர் மையில் முத்திரையை ஒற்றி, மூச்சை இழுத்துப் பிடித்து, கையைத் தலைக்கு மேல் தூக்கினார்.

ரிப்பேர்க்காரனுக்கு யோசிக்க நேரம் இல்லை. டிஸ்க் மேல் தன் வலது கையை நீட்டி மறைத்தான்.

டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐந்து விரலையும் மடக்கிப் பார்த்தான், நாலு மடங்கியது. புறங்கையில் நீல மையில் பளிச்சென்று பதிந்திருந்தது: 'நகல். இதைப் பிறப்பாகக் கருதக் கூடாது.'

இன்னொரு தடவை டிஸ்க் மேல் மெதுவாகக் குத்திவிடலாமே என்று கேட்டதற்கு, அலுவலர் மறுத்துவிட்டார். ஒரு பொருளுக்கு ஒரு முத்திரைதான், பேரேட்டில் ஏறிவிட்டது. எனவே அந்த டிஸ்க்குக்குச் சான்று இனி இந்தக் கைதான். டிஸ்க் எங்கே இருக்கிறதோ அங்கே அலுவலக நேரத்தில் கையும் இருக்க வேண்டும். கையைக் கழுவக் கூடாது. பேரேட்டில், 'டிஸ்க் ஒன்று, இணைப்பு: கை ஒன்று' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். வீங்கிய கையால் போட்ட கையெழுத்து கையெழுத்து மாதிரி இல்லை. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் தங்கை அந்தக் கையைப் பிடித்து, வீக்கத்துக்கு ஐஸ் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"எனக்குப் பிறப்பு இருக்கு, சான்றிதழ் இல்லை. உனக்குச் சான்றிதழ் இருக்கு, பிறப்பு இல்லையாம்" என்றாள். "அம்மாகிட்ட காட்டிடாதேண்ணா. இத்தனை வருஷம் யாரை வளத்தேன்னு கேப்பாங்க."

சிரித்துக்கொண்டே சொன்னாலும் பெட்டியை அவள் இன்னும் அடுக்க ஆரம்பிக்கவில்லை என்பதை அவன் கவனித்தான். மறுநாள் காலை ஒரு கையை வெளியே நீட்டிக்கொண்டே குளித்தான்.

வியாழக்கிழமை சோதனை. பதிவகத்தில் எந்த ஆய்வும் பன்னிரண்டு பிரிவுத் தலைவர்களின் முன்னிலையில்தான் நடக்க வேண்டும். முன்னிலை என்றால் அவர்கள் வந்து நிற்பது இல்லை. கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து அங்கே லாகின் செய்தவர்தான் வந்தவர். நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் லாகின் செய்யவில்லை என்றால் அவர் வரவில்லை. வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாலும் லாகின் இருந்தால் அவர் வந்திருக்கிறார். ஆக, டிஸ்க்கைச் சோதிக்கும்போது பன்னிரண்டு பேரும் டிஸ்க்குக்குள்ளேயே இருக்க வேண்டும்.

எல்லாரும் வெளியே வந்தால்தான் சோதிக்க முடியும் என்று ரிப்பேர்க்காரன் திங்கட்கிழமையிலிருந்து சொல்லிவந்தான். எல்லாரும் உள்ளே வந்தால்தான் சோதிக்க முடியும் என்று இயக்குநர் சொன்னார். ஒருவர் உள்ளே இருப்பதாகக் காட்ட வேண்டுமே என்பதற்காகப் பன்னிரண்டு பேரும் எதையாவது தட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் தன் பெயரையே திரும்பத் திரும்ப அடித்துச் சேமித்துக்கொண்டிருந்தார்.

பார்க்க மட்டும் செய்யலாம் என்று ஓட்டினான். ஒன்பது பிழை என்றது. இன்னொரு முறை ஓட்டினான். பதினாலு. மூன்றாம் முறை பன்னிரண்டு.

இயக்குநர் படிவத்தைப் பார்த்தார். "மூணுன்னு எழுதியிருக்கீங்க."

"உள்ள ஆள் எழுதிக்கிட்டே இருக்கும்போது எண்ணினா இப்படித்தான் சார். ஓடிப் பிடிச்சு விளையாடற பிள்ளைங்களை எண்ற மாதிரி. எல்லாரையும் அரை மணி நேரம் வெளிய வரச் சொல்லுங்க, சரியான கணக்கு வரும்."

"வெளிய போயிட்டா முன்னிலை எங்க?"

சராசரி எடுத்துவிடலாம் என்று ஒரு பிரிவுத் தலைவர் யோசனை சொன்னார். அதிகப்படியான பிழைகள் தன் பிரிவுடையவை அல்ல என்று இன்னொருவர் எழுத்தில் கொடுத்தார். இதைக் கேட்டதும் மற்ற பதினோரு பேரும் எழுதிக் கொடுக்க உட்கார்ந்தார்கள். பிழை இருபத்தொன்றாக உயர்ந்தது.

இயக்குநர் முதல் தடவையாகப் பொறுமை இழந்தார். எண்ணியது போதும், இப்போதே சரிசெய்யுங்கள், இல்லையென்றால் கோப்பை மூடிவிடுவேன் என்றார்.

ஒரு விசை அழுத்தினால் போதும். ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் தங்கை உட்கார்ந்திருப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. பன்னிரண்டு பேர் உள்ளே எழுதிக்கொண்டிருக்கும்போது அட்டவணையைத் திருத்தினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். போன வருடம் ஒரு கடைக்காரர் வேலை பார்த்துக்கொண்டே தன் மெஷினுக்கு இப்படிச் செய்து, மிச்சத்தை ஒரு பையில் போட்டு அவனிடம் கொண்டுவந்திருந்தார். இங்கே பையில் ஊரே வரும். அதில் தங்கையும் இருப்பாள்.

வீங்கிய கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டான்.

"முடியாது சார். இப்படிச் சரிபண்ணினா இருக்கிறதும் போயிடும்."

கோப்பு மூடப்பட்டது. எண்ணிக்கை நிலையாக இல்லாததால் பிழைகள் உறுதிப்படுத்தப்படவில்லை என்று எழுதினார்கள். உறுதிப்படுத்தப்படாத பிழை பிழை ஆகாது. ஆகவே பதிவகம் பிழையற்றது. அதைக் கொண்டாட மறுநாளே விழா. அதற்கான பேனர் ஏற்கெனவே அச்சாகி வந்திருந்தது. போன வாரம் அச்சடித்தது.

விழாவுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. போன விழாவில் பாதிப் பேர் மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை என்பதால் இந்த முறை இயக்குநர் கண்டிப்பாக இருந்தார். வெள்ளிக்கிழமை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை யார் பெயர் கம்ப்யூட்டரில் தெரிகிறதோ அவர் விழாவுக்கு வராதவராகக் கருதப்படுவார்.

ஜன்னல் அம்மாள் அதை ரிப்பேர்க்காரனிடம் படிக்கக் கொடுத்தார். அவன் ஒரு தடவை படித்தான். மறுபடி படித்தான். தன் புறங்கையைத் திருப்பிப் பார்த்தான்.

வெள்ளி காலை ஒன்பதரைக்கு முத்திரை அலுவலரிடம் போய் நின்றான். கோப்பை மூடியாகிவிட்டது, டிஸ்க்கை ஒப்படைக்க வந்திருக்கிறேன் என்றான். விழா முடிந்து ஒரு மணிக்குத்தான் வாங்கிக்கொள்ள முடியும், அதுவரை டிஸ்க் கண்ணாடி அறையில்தான் இருக்க வேண்டும் என்றார் அலுவலர். அப்படியானால் கை எங்கே இருக்க வேண்டும் என்று கேட்டான். இதென்ன கேள்வி, இணைப்பைத் தனியாகப் பிரிக்க விதி இல்லை என்றார். அவரே அழைத்துப்போய் டிஸ்க்கையும் கையையும் சர்வருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். கையோடு வந்த மிச்ச ஆளைப் பற்றி அவர் பேரேட்டில் எதுவும் இல்லை.

உள்ளே தள்ளிவைப்பு உதவியாளர் தவித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவருக்குப் பதக்கம். பதினொரு மாதம் இடைவிடாமல் தள்ளிவைத்ததற்காக. பத்து மணிக்கு மேடையில் இருக்க வேண்டும். பத்து மணிக்கு இங்கே விசையையும் அழுத்த வேண்டும். பதக்கம் வாங்கப் போனால், எதற்குப் பதக்கமோ அதுவே போய்விடும்.

"நீங்க போங்க, நான் இருக்கேன்" என்றான் ரிப்பேர்க்காரன்.

"நீ அழுத்த மாட்டே."

"மாட்டேன்தான்."

அவர் கதவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு விஷயம் சொன்னார். எட்டு மாதத்துக்கு முன்னால் அவருக்கு ஓய்வு கொடுப்பதற்காக வயதைப் பார்க்க அவருடைய பதிவைத் திறந்தார்களாம். திறக்கவில்லை. பிறந்த தேதி தெரியாமல் ஓய்வு கொடுக்க முடியாது என்று கோப்பை ஓரமாக வைத்துவிட்டார்கள். "டிஸ்க் சரியாயிட்டா நான் வீட்டுக்குப் போகணும் தம்பி. வீட்ல அவ ஒரு பட்டியலே வெச்சிருக்கா. குழாய், கதவு, மொட்டை மாடின்னு. அங்க எதையும் தள்ளிவைக்க முடியாது."

ரிப்பேர்க்காரன் யோசித்தான். "பதிவு திறக்கும். ஆனா யாராவது கேட்டாத்தானே திறப்பாங்க? இந்த ஆபீஸ்ல யாராவது ஒரு விஷயத்தை ரெண்டாந்தடவை போய்ப் பாத்திருக்காங்களா?"

உதவியாளர் முப்பத்தாறு வருட அனுபவத்தைக் கண் மூடி ஒரு முறை ஓட்டிப் பார்த்தார். "இல்லை" என்றார்.

மணி பத்து. சர்வர் உயிர் பெற்றது. திரையில் செய்தி வந்தது. பத்து, ஒன்பது, எட்டு. உதவியாளரின் கட்டை விரல் தானாகவே எழுந்தது. விழா மண்டபத்து ஒலிபெருக்கியில் அவர் பதவியைச் சொல்லி அழைத்தார்கள். ஏழு, ஆறு. கதவு வரை போனார், திரும்பினார். ஐந்து. மறுபடி அழைத்தார்கள், கைதட்டல் கேட்டது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனார். மூன்று, இரண்டு, ஒன்று.

பதினொரு மாதத்தில் முதன்முதலாக அந்த மெஷின் கேட்ட கேள்விக்கு யாரும் குறுக்கே வரவில்லை.

ரிப்பேர்க்காரன் அவசரப்படவில்லை. யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று பார்த்தான். ஒரு பெயரும் இல்லை. காப்பியை எடுத்துத் திறந்து பார்த்தான், நன்றாக இருந்தது. அப்புறம் எதையும் தொடாமல் பார்க்க மட்டும் சொன்னான். பதினோரு பிழை. மறுபடி ஓட்டினான். அதே பதினொன்று.

ஒலிபெருக்கியில் இயக்குநர் பேச ஆரம்பித்திருந்தார். "நம்மிடம் பிழை இல்லை. இருந்திருந்தால் நமக்குத் தெரிந்திருக்கும். நமக்குத் தெரியவில்லை."

சரிசெய்யச் சொன்னான். திரையில் வரிகள் ஓடின. அட்டவணையில் ஒரே இடம் இரண்டு பேருக்கு, திருத்தப்பட்டது.

"இந்தப் பதிவகத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு."

உரியவர் தெரியாத பதிவுகள் இருநூற்றுப் பன்னிரண்டு, தனியே எடுத்து வைக்கப்பட்டன.

"யாரையும் நாம் தொலைத்ததில்லை."

தொலைந்து கிடைத்த அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் மேலே பெயர் இல்லை, வெறும் எண்தான். ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே இருந்த பெயரையும் தேதியையும் பார்த்து, அதனதன் இடத்தில் வைத்தான். முப்பத்தொன்றாவது பதிவில் உதவியாளர் இருந்தார். மூன்று வருடத்துக்கு முன்னாலேயே ஓய்வு பெற்றிருக்க வேண்டியவர். அவரை அவர் இடத்தில் வைத்துவிட்டு, பார்க்காதவன் போல நகர்ந்தான். நூற்று நாற்பத்தேழாவதில் தேதி சரியாக இருந்தது, அப்பா பெயர் சரியாக இருந்தது, அம்மா பெயர் சரியாக இருந்தது. எடை இரண்டே முக்கால் கிலோ.

ரிப்பேர்க்காரன் அவளை அவள் இடத்தில் மெதுவாக வைத்தான். அவள் பிறந்த அன்றைக்கு அவனுக்கு ஆறு வயது. தூக்கிப் பார்க்கக் கேட்டதற்கு, கொடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு மணிக்கு உதவியாளர் மார்பில் பதக்கத்தோடு திரும்பினார். திரையைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார். பேரேட்டைத் திறந்து தேதி போட்டார். பேனா அந்தரத்தில் நின்றது. இத்தனை வருடத்தில் பேரேட்டில் பொய் எழுதியவர் இல்லை அவர். வெகு நேரம் யோசித்து எழுதினார்: 'இன்று தள்ளிவைப்பு தள்ளிவைக்கப்பட்டது.' கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் எண் ஜன்னலில் அம்மாள் பெயரைத் தட்டினார். வந்துவிட்டது. அவராலேயே நம்ப முடியவில்லை. நேற்று வரை திறக்காதது இன்றைக்கு எப்படித் திறக்கிறது என்றார். விழா முடிந்து மாலையோடு வந்துகொண்டிருந்த இயக்குநர் அதைக் கேட்டு நின்றார். முத்திரை அலுவலர் நின்றார். பிரிவுத் தலைவர்கள் பன்னிரண்டு பேரும் நின்றார்கள். தங்கை அண்ணனின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் செய்யலை" என்றார் தள்ளிவைப்பு உதவியாளர். அது உண்மை. அன்றைக்கு அவர் ஒன்றுமே செய்யவில்லை.

இயக்குநரின் முகத்தில் வெளிச்சம் பரவியது.

"இதைத்தான் நான் சொல்லிக்கிட்டே இருக்கேன்" என்றார் எல்லாரையும் பார்த்து. "ஒரு பிரச்சினையைப் பதினொரு மாசம் விடாம, நம்பிக்கையோட தள்ளிவெச்சா அது தன்னால சரியாயிடும். இந்தத் தம்பி மாதிரி அவசரப்பட்டுக் கையை வெச்சிருந்தா என்ன ஆயிருக்கும்? கையைப் பாருங்க, எப்படி வீங்கியிருக்குன்னு."

எல்லாரும் கையைப் பார்த்தார்கள். அதற்குள் ஜன்னல் அம்மாள் சான்றிதழை அச்சடித்து நீட்டினார். மாலையைக் கழற்றாமலேயே இயக்குநர் கையெழுத்துப் போட்டார். தங்கை அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். தெருவுக்கு வந்த பிறகுதான் பேசினாள்.

"இரண்டே முக்கால் கிலோன்னு போட்டிருக்கு. நீ என்னவோ நான் பூசணிக்காய் மாதிரி இருந்தேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சே."

"பதிவுல பிழை இருக்கலாம்" என்றான் ரிப்பேர்க்காரன்.

சனிக்கிழமை அவள் ஊருக்குப் போனாள். வேலையில் சேர்ந்துவிட்டாள்.

அடுத்த புதன்கிழமை பதிவகத்திலிருந்து ரிப்பேர்க்காரனுக்கு ஓர் அவசரக் கடிதம் வந்தது. திங்கள் முதல் காலை பத்து மணிச் செய்தியைக் காணவில்லை. தள்ளிவைப்பு உதவியாளர் மூன்று நாளாக விரலைத் தூக்கியபடி உட்கார்ந்திருக்கிறார். இந்த வெற்றியைப் பார்த்து மற்ற அலுவலகங்களிலும் தள்ளிவைப்பு உதவியாளர்களை நியமிக்க உத்தரவாகியிருக்கும் வேளையில், மூல அலுவலகத்திலேயே செய்தி வராதது பெரும் பிழை. உடனே வந்து செய்தியை மீட்டுத் தரவும்.

போனான். அரை மணி நேரத்தில் மீட்டுக் கொடுத்தான். அதே வாசகம், அதே எண்ணிக்கை, அதே நீளமான விசை. இயக்குநர் கையைக் குலுக்கி நன்றி சொன்னார், இடது கையை.

உதவியாளரிடம் மட்டும் ஒரு சிறு மாற்றத்தைக் காதோடு சொல்லிவிட்டு வந்தான். இப்போது காலை பத்து மணிக்கு அவர் விசையை அழுத்தினால் சோதனை உண்மையாகவே தள்ளிவைக்கப்படுகிறது. சாயங்காலம் ஐந்து மணி வரை. ஐந்து மணிக்குக் கடைசி ஆள் லாக்-அவுட் செய்து குடையை எடுத்துக்கொண்டு இறங்கிய பிறகு, மெஷின் எதையும் தொடாமல் டிஸ்க்கை ஒரு முறை முழுதாகப் பார்க்கிறது. கோளாறு தெரிந்தால் ரிப்பேர்க்காரன் கடைக்கு ஒரு வரி அனுப்புகிறது.

அந்தக் கட்டடத்தில், தள்ளிவைத்த அன்றைக்கே நடந்து முடிகிற வேலை அது ஒன்றுதான். இயக்குநருக்கு அதை யாரும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு குழு போட்டுவிடுவார்.